நிச்சய மோதிரத்துக்கு எந்தத் தங்கம்? பெங்களூரில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் தங்கப் பேச்சு எங்கே தொடங்கினாலும் தாத்தாவிடம்தான் போய் நிற்கும். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. ஆயுசு முழுக்கத் தங்கப் பாறையை உடைத்த மனுஷன் விரலில் ஒரு மோதிரம் இருந்து நான் பார்த்ததில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை இழுத்து மூடினார்கள். அதற்கு முன்பே எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் ரயிலேறி பெங்களூர் வந்து, அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் குடியேறியிருந்தார்கள்.

அந்தக் குடும்பத்துப் பெண் என்பதால் அம்மாவுக்குத் தங்கம் என்றால் ஒரே கேள்விதான்: "22 கேரட்தானே?" ஆமாம் என்றால் நல்ல நகை. இல்லையென்றால் ஏமாந்துவிட்டோம். இந்தக் கேள்வியை நம்பித்தான் என் நிச்சயதார்த்தத்துக்கு 22 கேரட்டில், கல்லைப் பிடிக்க நாலு சின்னக் கால்கள் வைத்து ஒற்றைக் கல் பதித்த மோதிரம் வாங்கினோம். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. ஒருநாள் சப்பாத்தி மாவு பிசைந்து கை கழுவிப் பார்த்தால் கல் இல்லை. மாவை உருண்டை உருண்டையாகப் பிய்த்துத் தேடினோம். சிங்க் குழாயைக் கழற்றினோம். கிடைக்கவே இல்லை.

விற்ற கடையில் "நீங்க எங்கயாவது இடிச்சிருப்பீங்க" என்று முடித்துக்கொண்டார்கள். பிறகு நகரத்பேட்டைச் சந்து ஒன்றில் ஒரு பத்தரிடம் எடுத்துப்போனேன். அவர் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நாலு காலில் இரண்டு, பூவிதழ் விரிந்த மாதிரி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. "நல்ல தங்கம்மா இது. அதனாலதான் வளைஞ்சிருக்கு" என்றார்.

இந்த ஒரு வரியைத்தான் கீழே விரித்து எழுதியிருக்கிறேன். தம்பிக்கு, நாத்தனார் மகளுக்கு, ஆபீஸில் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கு என்று கடை கடையாக ஏறி இறங்கியதில் கற்றுக்கொண்டதும் இதில் இருக்கிறது.

கடைக்குப் போகும் முன் கையைப் பாருங்கள்

நெக்லஸை வருஷத்தில் நாலு நாள் போட்டுவிட்டு லாக்கரில் வைத்துவிடலாம். நிச்சய மோதிரம் அப்படியில்லை. தினமும் விரலில் கிடக்கும். பஸ் கம்பியைப் பிடிக்கும், பாத்திரம் துலக்கும், லேப்டாப் பையின் ஜிப்பில் மாட்டும். ஆகவே முதல் கேள்வி, போடப்போகிறவர் கை என்ன வேலை செய்கிறது என்பது. நாளெல்லாம் கீபோர்டு என்றால் ஒரு கணக்கு. ஜிம்மில் இரும்புக் கம்பி தூக்குகிற கை, மருத்துவமனையில் மணிக்கொரு தரம் கையுறை மாற்றுகிற கை, வண்டி ஓட்டுகிற கை என்றால் வேறு கணக்கு.

அடுத்து, தோல். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறதா? ஜீன்ஸ் பட்டன் படுகிற இடத்தில் வயிற்றில் அரிக்கிறதா? வாட்ச் பக்கிளுக்குக் கீழே சிவக்கிறதா? இவை பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமையின் அடையாளம். இதை மணப்பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வெள்ளைத் தங்கம் வரும்போது இது தேவைப்படும்.

மூன்றாவது, கல் உண்டா இல்லையா. கல் இல்லாத வெறும் வளையம் என்றால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அம்மாவின் 22 கேரட்டே போதும். கீறல் விழும், கொஞ்சம் நசுங்கும். பத்தரிடம் கொடுத்தால் உருளையில் போட்டுத் தட்டி வட்டமாக்கி, பாலிஷ் போட்டுத் தந்துவிடுவார்.

கேரட் என்பது மரியாதைப் பட்டியல் இல்லை

சுத்தத் தங்கம் 24 பங்கு என்று வைத்துக்கொண்டால் அதில் எத்தனை பங்கு தங்கம் என்பதே கேரட். 22 கேரட்டில் 91.6 சதவீதம் தங்கம். 916 என்று முத்திரை குத்துவது அதனால்தான். 18 கேரட்டில் 75 சதவீதம், முத்திரை 750. 14 கேரட்டில் 58.5 சதவீதம், முத்திரை 585. மீதியெல்லாம் வெள்ளியும் செம்பும், சில சமயம் துத்தநாகமும்.

இந்த மீதியைக் கலப்படம் என்று நினைப்பதில்தான் நம் ஊர்க்காரர்களின் தடுமாற்றம். கலப்படம் வேறு, கலவை வேறு. சொல்லாமல் சேர்த்தால் கலப்படம். முத்திரை குத்தி, அளவு சொல்லி, காரணத்தோடு சேர்த்தால் கலவை. சுத்தத் தங்கம் மிகவும் மிருதுவானது. அதில் செம்பும் வெள்ளியும் கலந்தால் தங்க அணுக்களின் வரிசைக்கு நடுவே அளவு வேறான அணுக்கள் போய் உட்காருகின்றன. வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது கஷ்டமாகிறது. உலோகம் கெட்டிப்படுகிறது. அதனால் 18 கேரட், 22 கேரட்டைவிட நன்றாகவே உறுதி. வைரம் பதிக்கும் மோதிரத்துக்குப் பல நாடுகளில் 18 கேரட்டை எடுப்பது தங்கத்தை மிச்சம் பிடிக்க மட்டுமில்லை. கல்லைப் பிடித்திருக்கும் கால்கள் ஊசிமுனை அளவுதான் இருக்கும். அந்த ஊசிமுனை வளையக்கூடாது.

இன்னொரு சங்கதி: அதே அச்சில் வார்த்தாலும் எடை ஒன்றாக வராது. தங்கம் கனமான உலோகம்; செம்பும் வெள்ளியும் அதைவிட லேசு. 18 கேரட்டில் 4 கிராம் வரும் மோதிரம், அதே அளவு, அதே தடிமனில் 22 கேரட்டில் சுமார் 4.6 கிராம் வரும். கணக்கு எளிதாக இருக்க, 24 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். 18 கேரட் கிராம் 7,500. நாலு கிராமுக்கு 30,000. 22 கேரட் கிராம் 9,160, 4.6 கிராமுக்கு 42,000-க்குக் கொஞ்சம் மேலே. உலோகத்தில் மட்டும் 12,000 ரூபாய் வித்தியாசம். அந்தப் பணத்தைக் கல்லில் போடலாம், அல்லது வளையத்தைத் தடிமனாக்கலாம். நான் தடிமனுக்கு ஓட்டுப் போடுவேன். காகிதம் போல மெலிந்த வளையம் எந்த கேரட்டாக இருந்தாலும் வளையும்.

14 கேரட்? முரட்டுக் கைக்கு நல்ல கலவை. உறுதி அதிகம், விலை குறைவு. ஆனால் மஞ்சள் மங்கலாகத் தெரியும். மாமியார் வீட்டில் யாராவது திருப்பித் திருப்பிப் பார்த்து "இது தங்கமா?" என்று கேட்பார்கள். கேட்டால் தாங்கிக்கொள்ள முடியும் என்றால் தாராளமாக வாங்கலாம். 2025-இல் 9 கேரட்டும் ஹால்மார்க் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நிச்சய மோதிரத்துக்கு நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். அதில் பாதிக்கு மேல் தங்கமே இல்லை, நாளடைவில் கறுக்கவும் செய்யலாம்.

22 கேரட்டில்தான் கல் வேண்டும், அம்மா விடமாட்டார் என்றால் ஒரு வழி உண்டு. கால்கள் வைத்த திறந்த கட்டை விட்டுவிட்டு, கல்லைச் சுற்றி முழு விளிம்பும் மடித்துப் பிடிக்கும் மூடிய கட்டில் செய்யச் சொல்லுங்கள். நம் பாட்டிமாரின் சிவப்புக்கல் தோடும் மூக்குத்தியும் தலைமுறை தாண்டி நிற்பதே அந்த மூடிய கட்டினால்தான். மிருதுவான தங்கம் விளிம்பாக மடிய ஏற்றது. தனிக்காலாக நிற்கத்தான் ஏற்றதில்லை. ஒளி கொஞ்சம் குறையும். கல் பத்திரமாக இருக்கும்.

மஞ்சளா, வெள்ளையா, ரோஜாவா

மஞ்சளில் ரகசியம் எதுவும் இல்லை. 18 கேரட் மஞ்சளில் மீதி 25 சதவீதத்தை வெள்ளியும் செம்பும் ஏறத்தாழப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளும். தேய்ந்தாலும் உள்ளே அதே நிறம்தான். வைரத்தில் லேசான மஞ்சள் சாயல் இருந்தால், கடைக்காரர் ஜே, கே என்று சொல்லும் நிறம் இருந்தால், மஞ்சள் தங்கத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அந்த நிறத்துக் கல்லின் விலையும் குறைவு.

ரோஜாத் தங்கத்தில் செம்பு தூக்கல். 18 கேரட் என்றால் 20 சதவீதமோ அதற்கும் மேலோ செம்பு இருக்கும். நம் மாநிறக் கைக்கு இது அமைகிற அழகு தனி. இது என் ரசனை, சண்டைக்கு வரவேண்டாம். உறுதியான கலவை. முலாம் தேவையில்லை. செம்பினால் சிலருக்கு வியர்வையில் விரலில் லேசாகக் கறை படலாம்.

வெள்ளைத் தங்கத்தில் நிதானமாக நிற்கவேண்டும். கடை விளக்கில் கண்ணாடி போல் மின்னும் அந்த வெள்ளை, தங்கத்தின் வெள்ளையே இல்லை. மேலே பூசிய ரோடியம் முலாம். தங்கத்தோடு நிக்கலோ பல்லேடியமோ சேர்த்து மஞ்சளைக் குறைப்பார்கள். அப்படியும் அடியில் இளமஞ்சள் கலந்த சாம்பல் நிறம்தான் இருக்கும். அதன்மேல் ரோடியத்தைப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். தினமும் போடும் மோதிரத்தில், முதலில் உள்ளங்கைப் பக்கம் இந்த முலாம் தேயும். ஒன்றிரண்டு வருஷத்தில் "ஐயோ, மஞ்சளா ஆகுதே, ஏமாத்திட்டாங்க" என்று பதறுவார்கள். யாரும் ஏமாற்றவில்லை, வாங்கும்போது சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுபடி முலாம் போட்டால் புதுசாகிவிடும். அதற்கு எவ்வளவு வாங்குவார்கள், எத்தனை முறை இலவசம் என்பதை வாங்கும் அன்றைக்கே கேட்டு பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அரிப்புள்ளவர்களுக்கு இங்கேதான் ஆபத்து. முலாம் இருக்கும்வரை நிக்கல் தோலைத் தொடாது. தேய்ந்ததும் தொடும். "இந்த வெள்ளைத் தங்கத்தில் நிக்கலா, பல்லேடியமா?" என்று நேராகக் கேளுங்கள். கவுன்டரில் நிற்கும் பையன் முழிப்பான். மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பல்லேடியம் கலந்தது விலை கூடுதல், நிறம் இன்னும் அமைதி, தோலுக்கும் தொந்தரவில்லை. பதில் வரவில்லையென்றால் அந்த மோதிரத்தை விட்டுவிடுங்கள். நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். குளோரின் தங்கக் கலவைகளுக்கு ஆகாது. நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தின் மெல்லிய கால்களில் விரிசலே விடலாம். கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள்.

பிளாட்டினம்

ஐடி கம்பெனி ஜோடிகள் நேராக இங்கேதான் வருகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பிளாட்டினம் நகை பெரும்பாலும் 95 சதவீதச் சுத்தம். முத்திரையில் Pt 950 என்று இருக்கும். மீதி ஐந்தில் ருத்தேனியமோ கோபால்ட்டோ இரிடியமோ செம்போ. வெள்ளை அதன் சொந்த நிறம், முலாம் வேண்டாம். தோல் அரிப்பு மிக அரிது. கையில் வாங்கினால் கனம் தெரியும். மேலே சொன்ன அதே மோதிரம், 18 கேரட்டில் 4 கிராம் வந்தது, பிளாட்டினத்தில் 5 கிராமைத் தாண்டிவிடும்.

"பிளாட்டினத்தில் கீறலே விழாது" என்று சொல்பவரை நம்பாதீர்கள். நன்றாகவே விழும். கீறும்போது தங்கம் துளித்துளியாகத் தேய்ந்து போகும். பிளாட்டினம் பெரும்பாலும் தேயாது, ஒதுங்கும். சேற்றில் விரலால் கோடு போட்டால் இரு பக்கமும் கரை எழும்புமே, அது மாதிரி. அதனால் கால்கள் நெடுநாள் உழைக்கும், ஆனால் பளபளப்பு போய் ஒரு மங்கிய சாம்பல் பூத்துவிடும். சிலருக்கு அந்தப் பூப்புதான் அழகு. பளபளப்பு வேண்டும் என்கிறவர்கள் பாலிஷ் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

அளவு மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும். பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். பத்தர் சாதாரணமாக ஊதும் நெருப்பு இதற்குப் போதாது. என் நகரத்பேட்டைப் பத்தரிடம் தம்பியின் பிளாட்டின வளையத்தைக் கொடுத்தபோது கையில்கூட வாங்கவில்லை. வாங்கின கடைக்கே போகவேண்டியதாயிற்று; அவர்கள் வெளியூர் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி மூன்று வாரம் கழித்துத் தந்தார்கள். தம்பி அதற்குள் மூன்று முறை விளக்கம் சொல்லிவிட்டான், மனைவியிடம்.

விலை: ஒரு காலத்தில் பிளாட்டினம் தங்கத்தைவிட உயர்வு. பத்து வருஷமாக நிலைமை தலைகீழ். கிராம் விலையில் தங்கம்தான் மேலே. ஆனால் செய்கூலி அதிகம். திருப்பி விற்கும்போது எல்லாக் கடையும் வாங்காது, வாங்கினாலும் நன்றாகக் கழிப்பார்கள். பிளாட்டினத்துக்குத் தங்கத்தைப் போல பிஐஎஸ் ஹால்மார்க், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சுத்த முத்திரை, இல்லை. சுத்தத்துக்கான உறுதி அட்டை தருவார்கள். மோதிரத்தின் உள்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள். அட்டை தொலைந்தால் திருப்பிக் கொடுக்கும்போது அவஸ்தை.

மற்றவை

925 வெள்ளி மிருது, கறுக்கும். விலைமதிப்புள்ள கல்லை அதை நம்பி விடாதீர்கள். பல்லேடியம் மோதிரம் அருமையான பொருள்தான், நம் கடைகளில் கிடைப்பது அபூர்வம். டைட்டானியம், டங்ஸ்டன் எல்லாம் விலையுயர்ந்த உலோகமே இல்லை. டங்ஸ்டன் வளையத்தை அளவு மாற்றவும் முடியாது.

கடையில்

கமர்ஷியல் ஸ்ட்ரீட், டிக்கன்சன் ரோடு, ஜெயநகர் நான்காவது பிளாக் பக்கம் பெரிய ஷோரூம்கள். அவென்யூ ரோடு, சிக்பேட்டை, நகரத்பேட்டைப் பக்கம் பழைய கடைகளும் பட்டறைகளும். ரெடிமேடு வைர மோதிரத்துக்கு முதல் வகை. இருக்கிற பாட்டி நகையை உருக்கி, சொன்னபடி மூடிய கட்டில் செய்ய இரண்டாவது வகை. எங்கே போனாலும் தமிழில் பேச ஒருத்தர் இருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள், யாருக்கும் நின்று பதில் சொல்ல நேரமிருக்காது.

மோதிரத்தை வாங்கி உள்பக்கத்தை லூப்பில் பாருங்கள். மூன்று அடையாளம் இருக்கவேண்டும்: பிஐஎஸ் முக்கோணச் சின்னம், 22கே916 அல்லது 18கே750 போன்ற சுத்த அளவு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாள எண். ஹால்மார்க் 2021 ஜூன் மாதத்திலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்க எண் இல்லாமல் விற்கக்கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த நகை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணை அடித்தால் எந்தக் கடை, எந்தச் சோதனை மையம், என்ன சுத்தம் என்று வந்துவிடும். ஆப்பில் காட்டும் பொருள் மோதிரம்தானா என்றும் பாருங்கள். கம்மல் என்று வந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுங்கள். முத்திரையில் சொன்னதைவிடச் சுத்தம் குறைந்திருந்தால், அந்தக் குறைவுக்கான மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் இழப்பீடாகக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

"கேடிஎம் நகை மேடம்" என்று யாராவது இன்னும் பெருமையாகச் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். அது காட்மியம் கலந்த பொடி வைத்துப் பற்றவைத்த காலத்துப் பேச்சு. அதன் புகை பத்தர்களின் நுரையீரலைக் கெடுத்ததால் கைவிடப்பட்டது. சுத்தத்துக்கான முத்திரை அல்ல அது.

பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கவேண்டும். கல்லின் எடையைச் சொல்லும் காரட் வேறு; ஒரு காரட் வைரம் 0.2 கிராம். 0.30 காரட் கல் வைத்த மோதிரம் தராசில் 4.06 கிராம் காட்டினால் தங்கம் 4.00 கிராம்தான், அந்த 0.06 கிராமுக்குத் தங்க விலை போடக்கூடாது. 18 கேரட் விலையை அன்றைய 24 கேரட் விலையால் வகுத்துப் பாருங்கள். 0.75 பக்கம் வரவேண்டும். 0.80 வந்தால் ஏன் என்று கேளுங்கள். பிறகு செய்கூலி, சேதாரம். இயந்திரத்தில் வார்த்த சின்ன மோதிரத்துக்குச் சேதாரம் என்ற பெயரில் பெரிய சதவீதம் போட்டிருந்தால் பேரம் பேசலாம், குறைப்பார்கள். ஹால்மார்க் கட்டணம் உருப்படிக்கு இவ்வளவு என்றுதான், எடைக்கு அல்ல. கடைசியில் 3 சதவீத ஜிஎஸ்டி.

"18 கேரட்டை அடகு வைக்க முடியுமா?" இது அம்மாவின் இரண்டாவது கேள்வி. முடியும், உள்ளே இருக்கும் தங்கத்துக்குத் தக்கபடி கிடைக்கும், கல்லைக் கழித்துவிடுவார்கள். ஆனால் நிச்சய மோதிரத்தை அடகுக் கணக்குப் பார்த்து வாங்கவேண்டாம் என்பேன். அதற்குத் தனியாகக் கல் இல்லாத ஒரு நகை வாங்கி வையுங்கள், அம்மாவும் சமாதானமாவார்.

விரல் அளவும் அதற்குப் பிறகும்

காலையில் விரல் மெலிந்திருக்கும், சாப்பிட்டு வெயிலில் நடந்தபின் தடித்திருக்கும். மத்தியானத்துக்கு மேல் அளவெடுங்கள். முட்டியில் கொஞ்சம் சிரமப்பட்டு இறங்கி, அடியில் சுழலாமல் நிற்பதே சரியான அளவு. பின்னால் அளவு மாற்ற நேர்ந்தால், ஹால்மார்க் பொறித்த இடத்தை விட்டு எதிர்ப்பக்கம் வெட்டச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முத்திரை மேலேயே ரம்பம் ஓடிவிடும். சுற்றிலும் கல் பதித்த வளையத்தை ஏறக்குறைய மாற்றவே முடியாது, வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

மாவு பிசையும்போது கழற்றுங்கள். இதை நான் சொல்லாமல் யார் சொல்வது. சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பழைய மென்மையான டூத் பிரஷ். பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள், பாலிஷையும் முலாமையும் அரித்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோதிரத்தைக் காதோரம் வைத்து விரலால் மெல்லத் தட்டுங்கள். கல் ஆடினால் சின்னதாகச் சலசலக்கும். பத்தர் சொல்லித்தந்த சோதனை இன்னொன்று இருக்கிறது: மோதிரத்தை ஒரு பழைய பட்டுத்துணிமேல் மெல்ல இழுப்பது. கால்கள் சரியாகப் படிந்திருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஒன்று தூக்கியிருந்தாலும் நூல் மாட்டும். கல்யாண வீட்டில் உங்கள் மோதிரம் யாருடைய புடவையிலாவது மாட்டி நூல் இழுத்தால், அன்றைக்கே கழற்றிப் பர்ஸில் போட்டு மறுநாள் பத்தரிடம் கொண்டுபோங்கள். புடவைக்காரரிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.